எழுபது கிலோ

ஜிப்பை இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது நான் ஒரு பைக்குள் கிடக்கிறேன், சிவப்புத் துணி, ஆள் நீளம், முகத்துக்கு நேராக உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல், வெளியே ஒருவன் காலால் பம்பை மிதிக்க மிதிக்கக் காற்று உள்ளே வருகிறது, புஸ், ஒரு நிறுத்தம், புஸ், ஒரு நிறுத்தம், ஒவ்வொரு மிதிக்கும் துணி கொஞ்சம் விறைக்கிறது, காது அடைக்கிறது, எச்சிலை விழுங்குங்கள் என்று மருத்துவ உதவியாளர் குஞ்சிதபாதம் ஜன்னலில் குனிந்து தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார், விழுங்குகிறேன், காது படீரென்று திறந்துகொள்கிறது. பதினெட்டாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் ராணி என்று பெயர் வைத்திருக்கும் இந்தக் காவல்முனையில், பனியைக் குடைந்து வைத்த குடிசைக்குள், எனக்கு மட்டும் பன்னிரண்டாயிரம் அடியின் காற்று. உடம்பை ஒரு அங்குலம் அசைக்காமல் ஆறாயிரத்து ஐந்நூறு அடி இறங்கிவிட்டேன். இறங்கியும் தலைவலி போகவில்லை, வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஒரு ஆணியை மெல்லத் திருகிக்கொண்டிருக்கிறார்கள், மெல்ல, அவசரமில்லாமல், நல்ல வேலைக்காரர்களைப் போல. இந்த முனையில் இருக்கும் சிப்பாய்கள் மூன்று வாரம் நடந்து, தங்கித் தங்கி ஏறி வந்தவர்கள், அவர்கள் ரத்தம் இந்தக் காற்றுக்குப் பழகியிருக்கிறது. நாங்கள், ஹெலிகாப்டர்காரர்கள், கீழேயிருந்து இருபது நிமிடத்தில் வருகிறோம், சிலிண்டர் காற்றை முகமூடியில் சுவாசித்துக்கொண்டு வருகிறோம், விசிறியை நிறுத்தாமல் மூன்று நிமிடம் தரையைத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறோம். ஒரு விமானி இங்கே இருக்கவே கூடாது. இருந்தால் சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். பயிற்சி வகுப்பில் இதைப் படம் போட்டுக் காட்டினார்கள், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன், நமக்கு எதற்கு இது, நாம்தான் நிற்கவே மாட்டோமே.

நின்றுவிட்டேன். மணி பத்து இருபதுக்கு இறங்கினேன், இப்போது பத்து ஐம்பது. இறங்கும்படி யாரும் சொல்லவில்லை. பெல்லியப்பா சார் வலப்பக்க இருக்கையில், நான் இடப்பக்கம், விசிறி சுற்றுகிறது, பனித்தூள் பறக்கிறது, சறுக்குப் பலகையில் படுக்க வைத்த ஒருவனுக்கு வயிற்றில் குண்டு, அவன் பக்கத்தில் தொடை சிதைந்த இன்னொருவன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், இருவரையும் தூக்கிக்கொண்டு நாலு பேர் குனிந்து ஓடி வருகிறார்கள். சார் ஒரு விரலைக் காட்டினார், ஒருவர்தான். அவர் காட்டியது சரி. இந்த உயரத்தில் காற்று மெலிது, விசிறிக்குப் பிடிமானம் இல்லை, எங்கள் இருவரோடு இன்னும் ஒரு ஆள், அதற்கு மேல் ஒரு மூட்டை அரிசி ஏற்றினாலும் வண்டி எழும்பாது. நான் பெல்ட்டைக் கழற்றினேன். சார் குடகுக்காரர், குன்னூரில் படித்தவர், கோபம் வந்தாலும் பிரியம் வந்தாலும் தமிழ்தான் பேசுவார். "டேய், எங்கடா போறே?" "எடையைக் குறைக்கிறேன் சார்." "உன்னை யார்டா குறைக்கச் சொன்னா?" "உடுப்போட, பூட்ஸோட நான் எழுபது கிலோ சார். அந்தத் தொடைக்காரன் அறுபதுதான் இருப்பான்." கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன், இரண்டு மூச்சு நேரம், அந்த உயரத்தில் இரண்டு மூச்சு நீளமானது. "நாப்பது நிமிஷம். அதுக்குள்ள செத்துகித்துப் போனேன்னு வை, கொன்னுடுவேன்." நான் குதித்தேன், அவர்கள் இருவரையும் ஏற்றினார்கள், வண்டி முனங்கியது, ஒரு பக்கம் சாய்ந்தது, பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி அப்படியே கீழே விழுந்தது, விழுந்துதான் வேகம் பிடிக்க வேண்டும், அதைத்தான் நாங்கள் புறப்பாடு என்கிறோம். வெளியே நின்று அதை நான் பார்த்ததே இல்லை. நாம் செய்வது பார்க்க இப்படியா இருக்கும். யாரோ ஒருவன் மலையிலிருந்து தன்னைத் தூக்கி எறிந்துகொள்வது போல இருந்தது.

ஆனால் இதை இன்றைக்கு யோசித்துச் செய்யவில்லை, மூன்று வாரத்துக்கு முன்பே யோசித்து முடித்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன் வேறொரு காவல்முனை, இதே போல இரண்டு பேர், கணக்குப் போட்டவன் நான், முழங்காலில் கட்டிய தாளில் பென்சிலால் போட்டு, ஒருவர்தான் சார் என்றேன், சார் என் கணக்கைத் திருப்பிப் பார்க்கவில்லை, என் கணக்கு தப்பாது என்பது படையணியில் எல்லோருக்கும் தெரியும். விட்டுவிட்டு வந்த ஆள் பிஷன் சிங். அவன் கையால் எங்களைப் போ போ என்றான், நிரம்பிப்போன பஸ்ஸைப் போகச் சொல்வது போல, அடுத்ததில் வருகிறேன் என்பது போல. அடுத்தது போவதற்குள் மூடுபனி. பகல் இரண்டரைக்கு இறந்துபோனான். மறுநாள் காலை உப்புமாத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டேன், எரிபொருள், வெப்பநிலை, உயரம், நோயாளி, எல்லாம் சரி, ஒரு எண் பிசகவில்லை. பத்தாவது முறையோ பதினோராவது முறையோ கண்ணில் பட்டது, விமானிகள் இருவர், நூற்று நாற்பது கிலோ. மற்ற எண்களெல்லாம் பென்சிலால் எழுதுபவை, ஒவ்வொரு முறையும் மாறுபவை, அது மட்டும் அச்சடித்தது. அச்சடித்த எண்ணை யாரும் கழிப்பதில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. கோழை என்றால் கூடப் பரவாயில்லை, பயந்து விட்டுவிட்டு வந்திருந்தால் பயத்தை மன்னிக்க ஒரு வழி இருக்கும், நான் பயப்படவில்லை, எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்றையிலிருந்து ஒவ்வொரு முனையில் இறங்கும்போதும் பெல்ட்டின் கொக்கி மேல் ஒரு கட்டைவிரல் வைத்திருந்தேன். சார் கவனித்தாரா, தெரியாது. கவனித்திருப்பார்.

"என்ன சார், தூங்குதியளா? தூங்கப்படாது." ஜன்னலில் ஒரு முகம், தாடியில் பனி, கறுத்து உரிந்த மூக்கு, பல்லெல்லாம் சிரிப்பு. பம்பை மிதிப்பவன் இவன்தான், லான்ஸ் நாயக் மாடக்கண்ணு, திசையன்விளைப் பக்கம் ஏதோ ஊர், என்னைப் பைக்குள் திணித்தபோதே தன் வரலாறு பாதியைச் சொல்லிவிட்டான். "கண்ணைத் தொறந்தே வச்சிருக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு." குஞ்சிதபாதம் டாக்டர் இல்லை, ஆனாலும் இங்கே அவர்தான் டாக்டர், மாயவரத்துக்காரர், நிதானமான மனிதர். "தூங்கல மாடக்கண்ணு." "பேரு என்ன சார் உங்களுக்கு? அந்தப் பெரிய சார் சாம்பியன் சாம்பியன்னு கூப்பிட்டாரே, பாக்ஸிங்கா?" "செம்பியன். வடக்கத்தி ஆளுங்க வாயில வரல, சாம்பியன் ஆக்கிட்டாங்க." "நல்லாத்தான இருக்கு. என்னைய மேடக்குன்னு கூப்பிடுதானுவ, அதுக்கு என்ன செய்யச் சொல்லுதீய?" புஸ், நிறுத்தம், புஸ். "நாங்க இந்தப் பைக்கு என்ன பேரு வச்சிருக்கோம் தெரியுமா? மலைப்பாம்பு. நீங்க இப்ப மலைப்பாம்பு வயித்துக்குள்ள கெடக்கிய. முழுசா முழுங்கிட்டு, செரிக்காம, திருப்பித் துப்பிரும். இதுவரைக்கும் நாலு பேரைத் துப்பியிருக்கு." "அஞ்சு பேர் உள்ள போனாங்களா?" "போனது நாலு, வந்தது நாலு. கணக்கு கேக்கிய பாருங்க." குஞ்சிதபாதத்தின் குரல் பின்னாலிருந்து, "டேய் மாடா, பேச்சைக் கொறைச்சு மிதி, மூச்சு போவுது." "பேசாம மிதிச்சாத்தான் அண்ணே எனக்கு மூச்சு போவும்." முகம் ஜன்னலிலிருந்து விலகிவிட்டது, குடிசையின் கூரை தெரிகிறது, கூரையில் உறைந்துபோன எங்கள் மூச்சு வெள்ளை மயிரிழைகளாகத் தொங்குகிறது, எத்தனை பேருடைய எத்தனை நாள் மூச்சு, யாருடையது எது என்று பிரிக்க முடியாமல். பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்க்கிறேன். பதினேழு ஒன்று பதினேழு, பதினேழு இரண்டு முப்பத்து நாலு, மூளைக்குக் காற்று போகிறதா என்று நானே வைத்துக்கொள்ளும் பரீட்சை. பதினேழு ஏழு நூற்றுப் பத்தொன்பது. பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு. இதுவரை சரி.

மணி பதினொன்று பத்து. நாற்பது நிமிடம் என்றார், ஐம்பது ஆகிவிட்டது. இறங்கப் பதினைந்து, இறக்கிவிட ஐந்து, ஏற இருபது, சரியாகத்தான் சொன்னார், சார் சொன்னால் சரியாக இருக்கும், அப்படியென்றால் வழியில், வழியில் என்று நினைக்கக் கூடாது. தனியாக ஓட்டுகிறார். இரண்டு பேர் ஓட்டவேண்டிய வண்டி, ஒருவர் கைப்பிடியைப் பிடிக்க ஒருவர் கருவிகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும், வெப்பம் ஏறுகிறது சார், திருப்புவிசை கூடுகிறது சார், நான்தான் சொல்வேன், இன்று அந்தக் குரல் அவருக்கு இல்லை. வயிற்றில் குண்டு பட்டவன் பிதற்றி எழுந்து அவர் தோளைப் பிடித்திருந்தால். பிடித்திருக்க மாட்டான். பள்ளத்தின் நடுவில் ஒரு வளைவு, அங்கே எதிரியின் பீரங்கிக்கு எங்கள் வண்டி தெரியும், சரியாகப் பதினோரு நொடி தெரியும், பதினோரு நொடியும் சார் எதையாவது முணுமுணுப்பார், மந்திரம் என்று நினைத்திருந்தேன், ஒருநாள் காது கொடுத்துக் கேட்டால் தன் தோட்டத்து நாய்களின் பெயர், எட்டு நாய்கள், வரிசை மாறாமல். நான் எதையும் முணுமுணுப்பதில்லை. எனக்கு நெய்வேலிதான் ஞாபகம் வரும், காரணம் தெரியாது. அப்பா அங்கே சுரங்கத்தில் பம்பு ஆபரேட்டர். நிலக்கரிக்குக் கீழே பூமிக்குள் பெரிய தண்ணீர் அழுந்திக் கிடக்கிறது, ராத்திரி பகல் பம்பு ஓடி அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே மனிதர்கள் நின்று வேலை செய்யலாம், விட்டால் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அப்பா அதைப் பெருமையாகச் சொன்னதில்லை. வீட்டில் மின்விசிறி நின்றால் மட்டும் தூக்கத்திலிருந்து துள்ளி எழுவார். சத்தம் கேட்டு முழிக்கிறவன் சாதாரண ஆளுடா, சத்தம் நின்னா முழிக்கிறவன்தான் ஆபரேட்டர் என்பார். அவர் அஞ்சியதெல்லாம் சத்தத்துக்கு அல்ல, இடைவெளிக்கு. நானும் இப்போது இடைவெளியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வானத்தில் ஒரு பெரிய இடைவெளி, அதை நிரப்ப வேண்டிய ஒரு டபடபச் சத்தம் பத்து நிமிடமாக வரவில்லை.

முதலில் வந்தது குண்டுச் சத்தம். தூரத்தில், கீழே, பள்ளத்தில், கம்பளியால் மூடிய முரசு போல, தரை வழியாகப் பைக்குள் வந்து முதுகில் தட்டியது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. வளைவின் மேல்தான் போடுகிறார்கள், வேறெங்கும் போட அந்தப் பள்ளத்தில் ஒன்றுமில்லை. குஞ்சிதபாதம் ஜன்னலுக்கு வந்து கட்டைவிரலை உயர்த்தினார், பிறகு உரக்க, ஒவ்வொரு சொல்லாக, "ரேடியோல சேதி சார். ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரில எறக்கிட்டாராம். உசுரு இருக்கு. வயித்துக்காரனை ஆபரேஷனுக்கு எடுத்துட்டாங்க." நான் ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. "பள்ளத்து வழி மூடிட்டாங்க சார். குண்டு விழுவுது. கணவாய் சுத்தி வரேன்னு சொல்றாராம். இன்னும் அரை மணி." இரண்டு பேரும் உயிரோடு. அறுபது கிலோ அங்கே இருக்கிறது, எழுபது கிலோ இங்கே இருக்கிறது, தாளில் பென்சிலால் எழுதியிருந்தால் எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கும். கண்ணில் நீர் வந்தது, பையின் உள்ளே துடைக்க இடமில்லை, கையை முகத்துக்குக் கொண்டுவர முழங்கை துணியில் முட்டுகிறது, வழிந்து காதுக்குள் போகட்டும் என்று விட்டேன். பிஷன் சிங், உனக்கு இதனால் ஒன்றுமில்லை, தெரியும். சொல்ல வேண்டும் போலிருந்தது. கணவாய் சுற்றி வந்தால் தூரம் அதிகம், தூரம் அதிகமென்றால் எரிபொருள் அதிகம், எரிபொருள் அதிகமென்றால் எடை, என்று மனம் தானாகவே அடுத்த கணக்கில் இறங்கியது, அதை நிறுத்தத் தெரியவில்லை, அது வாய்ப்பாடு போல, ஒன்றைத் தொட்டால் மீதி வந்துவிடும்.

புஸ், நிறுத்தம், புஸ், நிறுத்தம், நிறுத்தம், புஸ். கண்ணைத் திறந்தேன். ஏதோ ஒன்று மாறிவிட்டது, எது என்று தெரியவில்லை. தலைவலி குறைந்திருக்கிறது, விரல் நுனிகளில் உணர்வு வந்திருக்கிறது, பதினேழு ஒன்பது நூற்று ஐம்பத்து மூன்று, மாறியது நான் இல்லை. புஸ், நிறுத்தம், நிறுத்தம், புஸ், புஸ். அவசரமாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்றுமில்லை. துணி என் முகத்தை நோக்கிக் கொஞ்சம் தளர்ந்தது, பிறகு விறைத்தது. மிதிப்பவனுக்குச் சலிப்பா. இல்லை, சலித்தவனுடைய தாளம் மெதுவாகும், உடையாது. "மாடக்கண்ணு!" "சொல்லுங்க சார்." "உங்க ஊர்ல என்ன விசேஷம்?" "ஊர்லயா." புஸ். "ஊர்ல என்ன. மணல்தான் சார்." நிறுத்தம். அவ்வளவுதான் சொன்னான். அரை மணி முன்பு திசையன்விளையிலிருந்து இட்டமொழி வரை ஒவ்வொரு வீட்டின் சண்டையையும் சொன்னவன். "எத்தனை பேர் மலைப்பாம்புக்குள்ள போனாங்கன்னு சொன்னே?" "ஏழு பேரு சார்." "நாலுன்னு சொன்னியே?" "நாலுதான். ஏழா சொன்னேன்?" சிரித்தான், சிரிப்பு இருமலில் உடைந்தது, இருமல் சிறியது, உள்ளங்கையால் மூடிய இருமல், யாரும் கேட்கக் கூடாது என்று இருமுகிற இருமல், அதன் அடியில் ஈரமாக ஏதோ கொப்புளித்தது. நான் துணியை இரண்டு கைகளாலும் அறைந்தேன். குஞ்சிதபாதம் ஓடி வந்தார், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று, முகம் வெளுத்து. "எனக்கு ஒண்ணுமில்ல, அவனைப் பாருங்க, அவன் நெஞ்சைக் கேளுங்க!" அவருக்குப் புரியவில்லை. "அவன் நெஞ்சு!" ஜன்னலின் ஓரத்தில் பார்த்தேன், மாடக்கண்ணு கையை ஆட்டி ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்கிறான், குஞ்சிதபாதம் அவன் சட்டையை உயர்த்தி முதுகில் காதை வைக்கிறார், நெடுநேரம் வைக்கிறார், நிமிரும்போது வேறு மனிதராக நிமிர்கிறார். "எத்தனை நாளாடா?" "சளிண்ணே." "எத்தனை நாளா?" "முந்தாநேத்து ராத்திரிலேர்ந்து." "ரெண்டு பக்கமும் தண்ணி கோத்துருக்குடா பாவி, சொல்றதுக்கென்ன?" "சொன்னா கீழ அனுப்பிருவிய. பன்னெண்டு பேருல ரெண்டு பேரு போயாச்சு. நானும் போனா மெசின்கன்னை ஒங்க அத்தை வந்தா பிடிப்பா?" வேறொருவன் பம்புக்கு வந்தான். புஸ், நிறுத்தம், புஸ். தாளம் நேராயிற்று, மனம் நேராகவில்லை. மூச்சு இல்லாதவன் ஒரு மணி நேரம் எனக்கு மூச்சு மிதித்திருக்கிறான்.

பை ஒன்றுதான் இருக்கிறது. இருவருக்கும் வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, குஞ்சிதபாதம் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது, வண்டி வந்தால் நீங்கள் போய்விடுவீர்கள், பையை அவனுக்குத் தரலாம். "பை அவனைக் காலை வரைக்கும் தாங்குமா?" என்று கத்தினேன், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும், இந்த வண்டி போனால் அடுத்தது காலையில்தான். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "அவனுக்கு எறங்கணும் சார். இன்னைக்கே எறங்கணும். பைல வச்சா நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம்." "எனக்கு?" "நீங்க இன்னும் கெட்டுப் போவல சார். பைக்குள்ளயே வச்சு மிதிச்சா..." அவர் முடிக்கவில்லை. அந்த முடிக்காத இடத்தில்தான் வானத்தின் இடைவெளி நிரம்பியது. டபடபடப, முதலில் பல்லில் தெரிந்தது, பிறகு காதில். வந்துவிட்டார். கணவாய் சுற்றி, குண்டுகளைச் சுற்றி, தனியாக, என் ஒருவனுக்காக வந்துவிட்டார். பையின் காற்றை மெல்லத்தான் விட வேண்டும், அவசரப்பட்டால் காது கிழியும், அந்த மூன்று நிமிடமும் நான் கணக்குப் போட்டேன், போடாமல் இருக்க முடியவில்லை. காலையில் பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு டிகிரி, இப்போது வெயில் ஏறிவிட்டது, வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும், காலையில் இரண்டு பேரைத் தூக்கிய வண்டி இப்போது தூக்காது, திரும்பவும் கணவாய் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கான எரிபொருளோடு வந்திருக்கிறார். ஒருவர். எப்படிப் போட்டாலும் ஒருவர். எனக்கு வந்த முதல் நினைப்பு, இதை மறைக்க மாட்டேன், நான் ஒருமுறை இறங்கியாயிற்று என்பதுதான். ஒரு மனிதன் ஒரு நாளில் ஒருமுறை இறங்கினால் போதாதா. அம்மா கடைசியாக எழுதிய கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை, சாயங்காலம் தேநீரோடு படிக்கலாம் என்று வைத்திருந்தேன். ஜிப் திறந்தது, ராணியின் மெல்லிய காற்று முகத்தில் அறைந்தது, ஆணி கண்ணுக்குப் பின்னால் தன் இடத்துக்குத் திரும்பியது, எழுந்து உட்கார்ந்தேன், எதிரே மாடக்கண்ணு சுவரில் சாய்ந்து, உதடு நாவல்பழ நிறத்தில், என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "துப்பிருச்சி பாத்தீயளா." "எழுந்திரு," என்றேன். "எதுக்கு?" "நீதான் போறே. இது ஆர்டர்." "ஏர்போர்ஸ் ஆர்டர் எங்களுக்குச் செல்லாது சார்." "டேய், செல்லும்டா, எந்திரி," என்றார் குஞ்சிதபாதம், "ஒனக்குச் சேத்து எங்க அத்தை மெசின்கன் பிடிப்பா."

நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நான் பின்னால் தவழாத குறையாக, ஒவ்வொரு அடிக்கும் உலகம் ஓரங்களில் கருகியது. சார் வண்டியை முழுதாக இறக்கவில்லை, ஒரு சறுக்குக்கால் பனியைத் தொட, மறுகால் வெறும் காற்றின் மேல், ஒரு கையால் அந்த நடுக்கத்தைப் பிடித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமூடிக்கு மேலே கன்னம் அசைந்தது, சிரித்திருப்பார். ஒரு விரலைக் காட்டி, என்னைச் சுட்டினார். நான் மாடக்கண்ணுவைச் சுட்டினேன். அவர் தலையை ஆட்டினார், இல்லை, என்னைச் சுட்டினார். கதவருகே போய் அவர் தலைக்கவசத்தோடு வாயை ஒட்டிக் கத்தினேன். "ரெண்டு நுரையீரல்லயும் தண்ணி சார். இன்னைக்கு எறங்கலன்னா போயிடுவான். எனக்குப் பை இருக்கு." "பைத்தியமாடா நீ? காத்து இல்லாம பேசறியா?" "தெளிவா இருக்கேன் சார். பதினேழு எட்டு நூத்தி முப்பத்தாறு." "அது சரியா தப்பான்னு எனக்கே தெரியாதுடா!" ஆனால் அவர் கண் மாடக்கண்ணுவின் உதட்டின் மேல் போயிற்று, அங்கேயே நின்றது. அவரும் பிஷன் சிங்கை மறக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரிந்தது, மூன்று வாரமாக நாங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டும் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்தது அதனால்தான் என்பதும். தலையை ஒருமுறை அசைத்தார். மாடக்கண்ணுவை ஏற்றினார்கள். பிறகு சார் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இடது கையால் தன் முகமூடியைக் கழற்றினார், இருக்கைக்குப் பக்கத்திலிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரின் குழாயைத் திருகி எடுத்தார், வலது கை ஒரு இழை பிசகாமல் வண்டியை அங்கேயே நிறுத்தியிருந்தது, சிலிண்டரைக் குழந்தையைத் தருவது போல என் மார்பில் வைத்தார். வண்டியில் இருந்தது அது ஒன்றுதான். கணவாய் பதினேழாயிரம் அடி, அதைத் தாண்டி இறங்கும் வரை எட்டு நிமிடம், வெறும் மலைக்காற்றில், தனியாக. வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி விளிம்பைத் தாண்டி விழுந்துவிட்டது.

மறுபடியும் பைக்குள் கிடக்கிறேன், சிலிண்டர் என் விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது, பம்பு மிதிபடுகிறது, யார் யார் எவ்வளவு நேரம் என்று வெளியே ஒரு சண்டை நடக்கிறது, ஒன்பது பேர், ஆளுக்கு அரை மணி, ராத்திரி முழுக்க, நீ நேத்து காவல் பாத்தவன் நீ தூங்கு, நீ முதல்ல தூங்கு, என்று. மூச்சுக்கே வழியில்லாத இடத்தில் ஒன்பது பேர் எனக்கு மூச்சுப் போடச் சண்டை போடுகிறார்கள். கேட்க வெட்கமாக இருக்கிறது. தூக்கி விடுவது எனக்குப் பழக்கம், தூக்கப்படுவது பழக்கமில்லை, உடம்பைத் தளர்த்து என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், எழுபது கிலோவையும் அவர்கள் மேல் வை, வைத்தால்தான் அவர்களுக்கும் எளிது. குஞ்சிதபாதம் ரேடியோவைக் கொண்டுவந்து ஜன்னலோடு ஒட்டி வைத்தார். இரைச்சல், அதற்குள்ளிருந்து சாரின் குரல், தமிழில், எதிரி கேட்டாலும் புரியாது என்று. "ராணி, நான் பேசிட்டே இருக்கேன், நிறுத்தினா நான் மயங்கிட்டேன்னு அர்த்தம். கணவாய் தாண்டறேன். டைகர். ப்ளாக்கி. ராஜா. சுந்தரி." நாய்கள். சரியான வரிசை. "பீமா. லில்லி." இரைச்சல். அடுத்தது மூசா, அதற்கடுத்தது பப்பு, எனக்கு மனப்பாடம். இரைச்சல். மூசா. சொல்லுங்கள் சார். மிதிப்பவனுடைய கால்கூட நின்றுவிட்டது, குஞ்சிதபாதம் அவனை அடித்து மிதிக்க வைக்கிறார். மூசா சார், மூசா. நான் சொல்கிறேன், அவருக்குக் கேட்காது, சொல்கிறேன். "...மூசா. என்ன பேர்டா வச்சேன் இதுக்கு, வாயில வர மாட்டேங்குது. பப்பு. பதினாலாயிரம். இறங்கறேன். பதிமூணு. ஆங், மூச்சு வருது. பதினொண்ணு." குடிசைக்குள் யாரோ கை தட்டினார்கள், கையுறையோடு தட்டியதால் தலையணையைத் தட்டுவது போல இருந்தது. "சாம்பியன், உன் ஆள் பின்னாடி ஏதோ பேசறான், ஒண்ணும் புரியல, தமிழ்தானா அது? பேசட்டும். நல்லா பேசறான். அழாதே, எனக்குத் தெரியும் நீ அழறே. காலைல அஞ்சரைக்கு வரேன், காத்து எப்படி இருந்தாலும் வரேன். சிகரெட், ஆம்லெட், என்ன வேணும் சொல்லு, கொண்டு வரேன்."

குஞ்சிதபாதம் பேசும் பொத்தானை அமுக்கி, ரேடியோவை ஜன்னலில் இன்னும் அழுத்தினார். நான் முழு மூச்சையும் எடுத்துக்கொண்டு, அது யார் யாருடைய மூச்சோ, துணி அதிரக் கத்தினேன்.

"ஒண்ணும் வேணாம் சார். காலியா வாங்க."